ஆறாம் வேற்றுமையும் அரிஸ்டாட்டிலும்

1

தமிழ் விமர்சனத்தில் 'கதார்ஸிஸ்' என்ற சொல் புழங்க ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. கத்தார்சிஸ், காதார்ஸிஸ், கெதார்சிஸ் என்று அவரவர் காதுக்கு வந்தபடி எழுதுகிறோம். பொருளும் அப்படித்தான். ஒருவருக்கு அது 'உணர்ச்சி வடிகால்'. இன்னொருவருக்கு 'ஆன்ம சுத்தி'. மூன்றாமவருக்கு, சினிமாக் கொட்டகையில் அழுதுவிட்டு வெளியே வருகிறவன் மூக்கைச் சிந்துவது. இந்தச் சொல்லை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல பி.ஏ. வகுப்பில் ஆங்கிலம் எடுத்து, 1895ல் வெளிவந்த புட்சரின் மொழிபெயர்ப்பு வழியாக அரிஸ்டாட்டிலைச் சந்தித்தவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தை ஜன்னல் என்று எண்ணிக்கொண்டு, அது சுவராகவும் நின்றிருப்பதைப் பார்க்காமல் இருப்பதுதான் சங்கடம்.

சொல் வந்த வழி அதன் எழுத்திலேயே தெரிகிறது. கிரேக்கத்தில் அதன் மூன்று உயிர்களும் குறில்கள். தமிழில் நேராக எழுதினால் 'கதர்ஸிஸ்'. கதர்க்கடை ஞாபகம் வந்தால் வரட்டும். உச்சரிப்புக்கு அதுவே பக்கம். நாம் எழுதும் 'தார்' என்ற நெடில் ஆங்கிலேயன் அழுத்தம் கொடுத்த இடம். கிரேக்கனின் குரல் உயர்ந்ததோ முதல் எழுத்தான ககரத்தில். நடுவில் வரும் தகரம், 'கதை' என்ற சொல்லின் வடமொழி மூலத்தில் மூச்சோடு ஒலிக்கும் தகரம். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஆங்கிலேயன் ஊதும் ஒலி அதற்குப் பிந்தியது.

இதெல்லாம் பண்டிதச் சில்லறை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரேக்க மொழியை முழுதாகக் கற்கும்படி யாரையும் கேட்கவில்லை. அதன் வினைச்சொல் ஒரு காடு. உள்ளே போனால் திரும்பி வர வருஷங்கள் ஆகும். எழுத்தும் ஒலியும் பெயர்ச்சொல் இலக்கணமும் அப்படியல்ல. ஆபீஸ் விட்டு வந்து தினம் ஒரு மணி நேரம் செலவிட்டால் சில மாதங்களில் கைக்கு வரும். அந்த அளவு தெரிந்தால் அரிஸ்டாட்டிலைப் படித்துவிட முடியாது. ஆனால் மொழிபெயர்ப்பாளன் எங்கெங்கே நமக்குப் பதிலாகத் தானே முடிவெடுத்துவிட்டான் என்று கண்டுபிடிக்க முடியும். விமர்சகனுக்கு அதுவே முதல் தேவை.

2

கிரேக்க எழுத்துகள் 24. ஆதென்ஸ் நகரம் கி.மு. 403ல்தான் இயோனிய நெடுங்கணக்கை முறையாக ஏற்றது. அதற்கு முன் அங்கே எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே எழுத்து. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே எழுத்து. ஏற்ற பிறகு குறிலுக்கு எ ப்ஸீலொன், நெடிலுக்கு ஏத. குறிலுக்கு ஒ மீக்ரொன், நெடிலுக்கு ஓ மெக. கடைசி இரண்டுக்கும் அர்த்தம் சிறிய ஒ, பெரிய ஓ என்பதுதான். இந்தப் பெயர்கள் பிற்காலத்தில் வந்தவை, எழுத்துகள் பழையவை.

இது நம் கதையும்கூட. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஏட்டில் எழுதியவர்கள் புள்ளியைக் கைவிட, குறிலும் நெடிலும் கண்ணுக்கு ஒன்றாயின. வாசிக்கிறவன் இடம் பார்த்துப் பிரித்துக்கொண்டான். பிறகு எழுத்திலேயே வேறுபாடு காட்டிய சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் (1680–1747) பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம். தேவநாகரியில் குற்றெகரத்துக்கும் குற்றொகரத்துக்கும் மரபாக எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் நெடில் குறில் பேதத்துக்குத் தனி எழுத்தே கிடையாது. ஆகவே கிரேக்கப் பெயர்களை அளவு பிசகாமல் எழுதத் தமிழ் நெடுங்கணக்கு சௌகரியமானது. அரிஸ்தொதெலேஸ், ஸொபொக்லேஸ், ப்லதோன். மாத்திரை அப்படியே நிற்கிறது. 'அரிஸ்டாட்டில்', 'ப்ளேட்டோ' என்று டகரம் போடுவதும் ஆங்கிலக் காதின் வேலைதான். இந்த வரிசை ஒலிகளை நாக்கு மேற்பல்லைத் தொட்டு ஒலிக்க வேண்டும் என்று ஹலிகார்னஸ்ஸொஸ் ஊர்க்காரரான தியொனூஸியொஸ் எழுதி வைத்திருக்கிறார். நம் தகரம் பிறக்கும் இடமும் பல்தான்.

உயிரில் கொடுத்து வைத்த தமிழ், மெய்யில் கைவிரிக்கிறது. தவ், தெல்த, தேத என்று கிரேக்கத்தில் மூன்று எழுத்து. தமிழில் மூன்றும் த. பல், பஸ், வடமொழி உச்சரிப்பில் பலன் ஆகிய மூன்று பகரங்களுக்கும் கிரேக்கன் தனித்தனி எழுத்து வைத்தான். இதற்குத் தமிழில் கற்பவன் காதைத்தான் நம்ப வேண்டும், கண்ணை அல்ல.

எ-ஏ பொருத்தத்தைக் கண்டதும் கிரேக்கமே தமிழிலிருந்து பிறந்தது என்று புறப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. கிரேக்கம் சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உடன்பிறப்பு. 1786ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசிய பேச்சிலிருந்து இது பாடப்புத்தக விஷயம். ஒலி ஒத்திருப்பது கற்பதற்கு வசதி. உறவுக்கு அது சாட்சியாகாது.

செத்துப்போன வாயின் உச்சரிப்பு எப்படித் தெரிந்தது? இன்றைய கிரேக்கன் ஏத, இயோத, யுப்ஸிலொன் இவற்றோடு சில ஈருயிர்களையும் சேர்த்து எல்லாவற்றையும் 'இ' என்றே சொல்கிறான். மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவுக்குக் கிரேக்கம் கற்றுக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1528ல் எராஸ்மஸ் ஓர் உரையாடல் நூல் எழுதிப் பழைய உச்சரிப்பு இதுவல்ல என்றார். கேம்பிரிட்ஜில் இளம் ஆசிரியர்கள் அதைப் பின்பற்றியபோது, பல்கலைக்கழக வேந்தர் ஸ்டீபன் கார்டினர் 1542ல் தண்டனை விதித்துத் தடை செய்தார். எழுத்தின் ஒலிக்காகச் சட்டம் போட்ட விசித்திரம்.

சாட்சிகளில் எனக்குப் பிடித்தது ஓர் ஆடு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகக்காரர் க்ரதீனொஸ் ஆட்டின் குரலைப் பேத, ஏத என்ற இரண்டு எழுத்தால் எழுதினார். பழைய உச்சரிப்பில் அது 'பே'. இன்றைய உச்சரிப்பில் 'வீ'. ஆடுகள் இடையில் பாஷையை மாற்றிக்கொண்டதாகத் தகவல் இல்லை. இன்னொரு சாட்சி ரோமாபுரியில். 'ஃபுண்டானியஸ்' என்ற பெயரின் முதல் எழுத்தைச் சொல்ல வராத கிரேக்கச் சாட்சி ஒருவனைச் சிசரோ கேலி செய்ததைக் குவிண்டிலியன் குறித்திருக்கிறார். 'ஃ' ஒலி கிரேக்கன் வாயில் அப்போது இல்லை. அவனிடம் இருந்தது மூச்சுப் பகரம். இத்தகைய தடயங்களை எல்லாம் சேர்த்து 1968ல் சிட்னி ஆலன் 'வாக்ஸ் க்ரேக்கா' என்ற சிறிய புத்தகத்தில் எடை போட்டிருக்கிறார்.

இதனால் இன்றைய கிரேக்கன் தவறாகப் படிக்கிறான் என்று ஆகாது. அவன் தன் மொழியைத் தன் வாயால் படிக்கிறான். நாம் சங்கப் பாட்டை இன்றைய வாயால் படிப்பது போல. ஆனால் ஒலிகள் ஒன்றாகும்போது அர்த்தங்கள் முட்டிக்கொள்ளும். 'நாங்கள்', 'நீங்கள்' என்ற இரு சொற்களும் பிற்கால உச்சரிப்பில் ஒரே ஒலியாயின. யோவானின் முதல் கடிதம், முதல் அதிகாரம் நாலாம் வசனத்தில் நிறைவு பெற வேண்டியது எங்கள் மகிழ்ச்சியா, உங்கள் மகிழ்ச்சியா என்று ஏடுகள் பிளவுபட்டு நிற்கின்றன. வங்கிக் கௌண்டரில் ஓர் எழுத்து மாறினால் செக்கைத் திருப்பி அனுப்புகிறோம். வேதவாக்கியத்தைத் திருப்பி அனுப்ப இடமில்லை.

இதைவிட ஆழமான உதாரணம் தூகிதிதேஸிடம் இருக்கிறது. கி.மு. 430ல் ஆதென்ஸில் கொள்ளைநோய் பரவியபோது, போரோடு கூட வரப்போவதாக ஒரு பழைய வாக்குச் சொன்னது 'லொய்மொஸ்' என்ற கொள்ளைநோயையா, 'லீமொஸ்' என்ற பஞ்சத்தையா என்று ஜனங்கள் வாதிட்டார்கள். நோய் வந்திருந்ததால் நோய் ஜெயித்தது. நாளை இன்னொரு போரும் அதோடு பஞ்சமும் வந்தால் அதே வாக்கைப் 'பஞ்சம்' என்று ஓதுவார்கள் என்கிறார் அவர். மனிதர்கள் தாம் படும் பாட்டுக்கு ஏற்ப ஞாபகத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். வாசிப்பு என்ற காரியத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. சொன்னவர் விமர்சகர் அல்ல, சரித்திரக்காரர். அவர் காட்டியதோ ஓர் ஈருயிர்.

ஒலியின் உயரமும் கணக்கில் சேரும். கிரேக்க அசையழுத்தம் ஆங்கிலத்தின் குத்தல் போன்றதல்ல. வேதத்து உதாத்தம் போலக் குரல் ஏறுவது. ஏறும் தூரம் ஏறத்தாழ ஓர் ஐந்தாம் சுரம் என்கிறார் முன்சொன்ன தியொனூஸியொஸ். நம் கணக்கில் ஸவுக்கும் பவுக்கும் உள்ள இடைவெளி. கி.மு. 408ல் யூரிபிடீஸின் 'ஒரெஸ்தேஸ்' நாடகத்தில் ஹேகெலொகொஸ் என்ற நடிகன், அலை ஓய்ந்த அமைதியைக் காண்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஏற வேண்டிய குரலை ஏற்றி இறக்கிவிட்டான். அமைதி போய்க் கீரி போன்றதொரு பிராணி மேடைக்கு வந்துவிட்டது. கொட்டகை சிரித்தது. மூன்று வருஷம் கழித்து அரிஸ்டோபனீஸ் 'தவளைகள்' நாடகத்தில் அதை நினைவுபடுத்தினார். சோகத்துக்கும் கேலிக்கும் நடுவே இருந்தது ஒரு சுரம்.

3

இனிப் பெயர்ச்சொல். 'லொகொஸ்' என்ற பிரசித்தமான சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருமையில் லொகொஸ், லொகூ, லொகோய், லொகொன், லொகெ. பன்மையில் லொகொய், லொகோன், லொகொய்ஸ், லொகூஸ். விளி எழுவாயைப் போலவே. எழுவாய், ஆறாவது, நான்காவது, இரண்டாவது, விளி என்று ஐந்து வேற்றுமைகள். பழைய எட்டில் மூன்று கரைந்துவிட்டன. 'இலிருந்து' என்ற நீங்கல் பொருள் ஆறாவதற்குள்ளும், கருவியும் இடமும் நான்காவதற்குள்ளும் புகுந்துகொண்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மேலே எழுதியதை மறுபடி பாருங்கள். 'லொகொன்' சொல்லை, 'லொகோன்' சொற்களின். 'லொகோய்' சொல்லுக்கு; 'லொகொய்' சொற்கள். ஒரு மாத்திரைதான் வித்தியாசம். உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இலக்கணத்துக்குத் தாவுகிறவன் இந்த இடத்தில் விழுவான். ஒகர ஓகாரத்தைக் குழப்பாத தமிழ்க் கண் விழாது.

விழுவது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். வேற்றுமைக்குக் கிரேக்கன் வைத்த பெயர் 'ப்தோஸிஸ்', அதாவது வீழ்ச்சி. முதல் வேற்றுமை நிமிர்ந்து நிற்பது, மற்றவை சாய்ந்தவை. தியொனூஸியொஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் இலக்கணச் சுவடி ஐந்து வீழ்ச்சிகளைக் கணக்கிடுகிறது. தமிழில் அது வேற்றுமை, பொருளை வேறுபடுத்துவது. முதலாவதற்கு நாம் வைத்த பெயர் எழுவாய், தோற்றம், தொடக்கம். ஒரே நிகழ்வைப் பார்த்து ஒருவன் 'சொல் சாய்கிறது' என்கிறான். இன்னொருவன் 'பொருள் பிரிகிறது' என்கிறான். இரண்டு இலக்கண மரபுகள் எங்கே நின்று மொழியைப் பார்த்தன என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

இரண்டாம் வேற்றுமையின் பெயரில் ஒரு பழைய மொழிபெயர்ப்பு விபத்தும் உண்டு. கிரேக்கத்தில் அது 'அய்தியதிகே'. செயலால் விளைந்ததைச் சுட்டுவது. 'அய்தியா' என்றால் காரணம். குற்றச்சாட்டும் அதே சொல்தான். லத்தீன்காரர்கள் குற்றச்சாட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அன்றிலிருந்து ஐரோப்பாவின் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாவமும் அறியாத செயப்படுபொருளைக் 'குற்றம்சாட்டும் வேற்றுமை' என்று மனப்பாடம் செய்து வருகிறார்கள்.

தமிழ் உருபுகளை ஒட்டுகிறது. மரங்களை என்பதில் 'கள்' வேறு, 'ஐ' வேறு; பிரித்துக் கையில் எடுத்துவிடலாம். கிரேக்கத்தில் 'ஓன்' என்ற ஒரே ஈறு பன்மையும் ஆறாம் வேற்றுமையுமாக உருகிக் கிடக்கிறது. பிரிக்க வராது. ஆனால் நமக்குப் பழக்கமான இன்னொரு விஷயம் அங்கே உண்டு. மரம் என்பதில் உருபு நேரே ஏறாது. 'மரத்து' என்று வேறு உடம்பு எடுத்துக்கொண்டுதான் ஏறும். கிரேக்க மூன்றாம் வகைப் பெயர்களும் அப்படியே. பாதத்துக்கு எழுவாய் 'பூஸ்', ஆறாவதில் 'பொதொஸ்'. உண்மையான அடிச்சொல் 'பொத்' என்பது சாய்ந்த பிறகே வெளிப்படும். அதனால்தான் அகராதி எழுவாயையும் ஆறாவதையும் ஜோடியாகவே தருகிறது. ஒய்திபூஸ் என்ற பெயருக்குள் வீங்கிய பாதம் இருக்கிறது. அந்தப் பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவங்களில் ஒன்றான 'ஒய்திபொதொஸ்' என்பதில் பாதம் முழுசாகக் கண்ணில் படும்.

பாலில் மட்டும் தமிழன் தடுமாறுவான். நமக்குப் பகுத்தறிவு உள்ளது உயர்திணை, மற்றது அஃறிணை. அர்த்தத்தைப் பார்த்தால் முடிந்தது. அங்கே வழி பெண்பால், நோய் பெண்பால், சிறு குழந்தையோ அலிப்பால். இதற்கு ஆறுதலாக ஒன்று. அலிப்பாற் பன்மை எழுவாய் ஒருமை வினை கொள்வது அங்கே விதி. 'மாடுகள் வந்தது' என்று நாம் பேசுகிறோம். எழுதினால் பத்திரிகை ஆசிரியர் 'வந்தன' என்று திருத்துகிறார். ஆதென்ஸில் அவர் திருத்தியிருக்க மாட்டார்.

4

இப்போது 'கவிதையியல்' ஆறாம் அத்தியாயம். துன்பியல் நாடகத்துக்கு அரிஸ்டாட்டில் தரும் இலக்கணத்தின் முடிவில், இரக்கம், அச்சம் இரண்டின் வழியாக நிகழும் 'கதர்ஸிஸ்' வருகிறது. எதனுடைய கதர்ஸிஸ்? 'பதேமதோன்' என்கிறார். 'பதேம' என்ற அலிப்பாற் சொல், அடிச்சொல் 'பதேமத்', மரம்-மரத்து போல ஒளிந்திருந்த தகரம் வெளிவந்து, 'ஓன்' ஏறி நிற்கிறது. ஆறாம் வேற்றுமைப் பன்மை. இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலான ஒரு சர்ச்சை இந்த ஈற்றின் மீது உட்கார்ந்திருக்கிறது.

துணியை வெளுக்கிறோம்; அழுக்கையும் வெளுக்கிறோம். முதலில் வெளுக்கப்பட்டது மிஞ்சும், இரண்டாவதில் போய்விடும். 'பதேமத' என்ற உணர்ச்சிகள் இங்கே துணியா, அழுக்கா?

துணி என்றார் லெஸ்ஸிங், 1767க்கும் 1769க்கும் இடையில் எழுதிய ஹாம்பர்க் நாடகக் கட்டுரைகளில். இரக்கமும் அச்சமும் அளவு திருந்தி ஒழுக்கத்தின் பக்கம் திரும்புகின்றன. அழுக்கு என்றார் யாகோப் பெர்னேஸ், 1857ல். கதர்ஸிஸ் வைத்தியச் சொல். உடம்பிலிருந்து பேதி கழிவதுபோல் மனசிலிருந்து தேங்கியது வெளியேறுகிறது. தமிழ் இலக்கணத்தில் சொன்னால் முதலாமவர் 'ஓன்' என்பதை இரண்டாம் வேற்றுமைப் பொருளில் கொண்டார். இரண்டாமவர் ஐந்தாவதன் நீங்கலை ஒட்டிக் கொண்டார். மூன்றாவது சாத்தியமும் இலக்கணத்தில் உண்டு: உணர்ச்சிகளே செய்கிற சுத்திகரிப்பு. ஆனால் 'இரக்கம், அச்சம் வழியாக' என்று கருவி முன்பே சொல்லப்பட்டுவிட்டதால் அது பிசுபிசுக்கிறது. 1957ல் ஜெரால்ட் எல்ஸ் வேறொரு பக்கம் திருப்பினார். 'பதேமத' பார்வையாளனின் உணர்ச்சிகளே அல்ல. நாடகத்துக்குள் நிகழும் துயரச் செயல்கள். அவற்றைக் கதையமைப்பே கழுவிக் காட்டுகிறது என்றார். கதர்ஸிஸ் கொட்டகையிலிருந்து எழுந்து மேடைக்குப் போய்விட்டது.

அரிஸ்டாட்டிலே தீர்த்து வைத்திருக்கலாம். 'அரசியல்' எட்டாம் புத்தகத்தில், கவிதை பற்றிய நூலில் தெளிவாகச் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தார். நமக்குக் கிடைத்த 'கவிதையியலில்' அந்த விளக்கம் இல்லை. பதினேழாம் அத்தியாயத்தில் அதே சொல்லை ஒரெஸ்தேஸுக்குச் செய்யும் சமயச் சடங்கைக் குறிக்கச் சாதாரணமாக எடுத்தாளுகிறார். ஸொபொக்லேஸின் நாடகத்தில் தீட்டுப்பட்ட நகரத்தை எதனால் கழுவுவது என்று ஒய்திபூஸ் கேட்பதும் அந்தக் குடும்பத்துச் சொல்லால்தான். கோயில், வைத்தியசாலை, கொட்டகை மூன்றிலும் அன்று புழங்கிய சொல் அது. ஆறாம் வேற்றுமையும் தனக்குள் விழுங்கிய ஐந்தாவதோடு சேர்ந்து எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துவிட்டது.

இது ஏட்டுச்சண்டை இல்லை. ப்லதோன் தம் 'குடியரசின்' பத்தாம் புத்தகத்தில் கவிதை மீது சாட்டிய குற்றம், வாடவிட வேண்டிய உணர்ச்சிகளுக்கு அது தண்ணீர் ஊற்றுகிறது என்பது. உணர்ச்சி அழுக்கு என்றால் அரிஸ்டாட்டில் பாதிக்குற்றத்தை ஒப்புக்கொண்டார். கலை ஒரு பேதி மருந்து, வேலை முடிந்தால் வேண்டாதது. உணர்ச்சி துணி என்றால், கலை இல்லாமல் மனிதன் சரியாக இரங்கவும் சரியாக அஞ்சவும் கற்க மாட்டான். கவிஞனுக்கு நகரத்துக்குள் இடம் உண்டா என்பதே இங்கே தொங்குகிறது.

5

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். ஜனங்கள் அழுது பாரத்தை இறக்கி வைக்கிறார்கள், அதுவும் கதார்ஸிஸ்தானே என்று நம் அழுமூஞ்சிப் படங்களுக்கும் தொடர்கதைகளுக்கும் வக்காலத்து வாங்குகிறவர்கள், தாங்கள் பெர்னேஸ் கட்சியில் சேர்ந்துவிட்டதை அறிய மாட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்று 'ஆன்ம சுத்தி' என்று சந்தனம் பூசுகிறவர்களுக்கும் லெஸ்ஸிங்கின் நிழல் தெரியாது. இருவரும் அரிஸ்டாட்டிலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சியின் வாக்குமூலத்தில் இருப்பது ஓர் ஈறு மட்டும்.

மொழிபெயர்ப்பில் என்ன செய்வது? 'உணர்ச்சிகளைத் தூய்மைப்படுத்துதல்' என்று எழுதினால் 'ஐ' தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 'உணர்ச்சிகளிலிருந்து விடுபடுதல்' என்றால் மறுதீர்ப்பு. நம்மிடம் 'இன்' இருக்கிறது. நன்னூல் அதை ஐந்தாவதற்குக் கொடுத்தது. இன்றைய உரைநடை ஆறாவதாக ஆக்கிக்கொண்டது. நீங்கலும் கிழமையும் ஒரே உருபில் தங்கியிருக்கும் இடம் அது. 'உணர்ச்சிகளின் கழுவல்' என்பது காதுக்குக் கரடுமுரடாக இருக்கலாம். ஆனால் துணியா அழுக்கா என்ற கேள்வியை வாசகனிடமே விட்டுவைக்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்குச் சில இடங்களில் இதைவிடப் பெரிய நாணயம் கிடையாது.

இதுபோல் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ப்லதோனின் 'தொ கலொன்' நம் கட்டுரைகளில் 'அழகு' என்று வருகிறது. அது ஒரு பண்புப் பெயர் அல்ல. சுட்டிடைச்சொல் சேர்ந்த அலிப்பால் உரிச்சொல். இப்படி ஒன்றைச் சுட்டிப் பெயராக்க வசதி செய்த அந்தச் சுட்டு இல்லாமல் கிரேக்கச் சிந்தனையே இந்த உருவில் வளர்ந்திருக்காது என்று புரூனோ ஸ்னெல் 1946ல் வாதிட்டார். தமிழில் அதற்கு 'அழகியது' என்ற நல்ல வடிவம் கையிலேயே இருக்கிறது. ஆங்கிலம் 'அழகு' என்று பெரிய எழுத்துப் போட்டுக் கொடுத்ததால் நாமும் அதை வாங்கி வைத்துக்கொண்டோம்.

கிரேக்கம் தெரியாமல் விமர்சனம் எழுதக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். கிரேக்கச் சொல்லைத் தொடாமலும் எழுதலாம். நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொடுவதென்றால், அது எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று தெரிந்து தொட வேண்டும். அடுத்த முறை ஒருவர் கட்டுரையில் 'கதார்ஸிஸ்' என்று வரும்போது நாம் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான். ஐயா, உங்களுக்கு உணர்ச்சி துணியா, அழுக்கா? பதில் வரட்டும். அதற்குப் பிறகு அவர் கட்டுரையைப் படிக்கலாம்.